அத்தை பேரை எடுத்தேன், மிஷின் நின்றது

‘நான் வரல’ என்று ஒருவர் சொன்னால் அவர் நிஜமாகவே வரமாட்டார் என்று நம்புகிற அப்பாவிகள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒன்று கம்ப்யூட்டர். இன்னொன்று, இருபத்திரண்டு வயதில் நான். கம்ப்யூட்டரையாவது மன்னித்துவிடலாம், அதற்கு அத்தை கிடையாது. எனக்கு அசோக் நகரில் ஒருவர் இருந்தார், இருக்கிறார், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலை போனும் செய்வார்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குத் தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேலை கிடைக்காத சோகத்தில், ஒரு டிபன் கடையின் மாடியில் நடந்த மூன்று மாதப் பைத்தான் வகுப்பில் சேர்ந்திருந்தேன். இரண்டாவது மாதத்திலேயே தலைக்கனம் ஏறிவிட்டது. வீட்டில் எதைப் பார்த்தாலும் ‘இதுக்கு ஒரு புரோகிராம் எழுதலாம்’ என்பேன். இட்லி வெந்ததா என்று கண்டுபிடிக்கக்கூட ஒன்று எழுதித் தருவதாக அம்மாவிடம் சொன்னேன். (அம்மா: “மூடியத் தெறந்து பாரு, தெரியும்.”)

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் பெயரை அடுக்குவார்களே, அந்த நான்கு வரிக்காகக் குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கின்றன. எங்கள் வீட்டில் பத்திரிகை வாசகத்தைச் சரிபார்த்து அச்சகத்துக்கு அனுப்பியது அம்மா. அதனால் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, முதல் வரியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அக்கா, அதாவது அசோக் நகர் அத்தை, இரண்டாவது வரிக்குப் போய்விட்டார்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதினேழு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னைக்கு வந்து இறங்கிய அப்பாவைத் தன் ஒற்றை அறை வீட்டில் வைத்து, கடை போடும்வரை ஆறு வருடம் சோறு போட்டவர் அவர். அப்பா யாருக்கும் பயப்படமாட்டார், அத்தைக்கு மட்டும் பயப்படுவார். அந்தப் பயத்துக்குள் இருந்ததெல்லாம் பாசம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பத்திரிகை போய்ச் சேர்ந்த அன்றைக்கே போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏல தம்பி, பத்திரிக வந்துச்சு. எம் பேரு எங்க இருக்குன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடினேன்.”

“அக்கா, அது வந்து...” அப்பா ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். அம்மா திடீரென்று கறிவேப்பிலை உருவ ஆரம்பித்தார். “அச்சடிச்சவன் மாத்திப் போட்டுட்டான்க்கா.”

“அவன் ஏன்ல மாத்துதான்? நீங்க எழுதிக் குடுத்ததத்தான அடிப்பான். மச்சினன் மொத வரியில, கூடப் பொறந்தவ ரெண்டாவது வரியில. நல்லாருங்க. நான் வரல.”

போனை வைத்த அப்பா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “அவ அப்படித்தான் சொல்லுவா. முந்தின நாள் இன்னொரு தடவ கூப்பிட்டா வந்துருவா. அவ வராம எப்படி? அவ கையால மொத நலங்கு வச்சாதான் மீனா மணவறைக்கே போவா. யாரு வரலன்னாலும் பரவால்ல, அக்கா வரணும்” என்றார்.

இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று வருகிறது. பத்திரிகை கொடுத்துவிட்டால் அழைத்ததாக ஆகாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒவ்வொருவரையும் இன்னொரு முறை கூப்பிட்டு, “நாளைக்கு முகூர்த்தம், மறந்துராதீங்க” என்று சொன்னால்தான் அது அழைப்பு. முதல் அழைப்புக்கு முறுக்கிக்கொள்பவர்கள் எல்லாம் இந்த இரண்டாவது அழைப்பில் இறங்கி வந்துவிடுவார்கள். முறுக்கிக்கொள்வதே அதற்காகத்தான்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அத்தை ‘வரல’ என்றதைக் காதால் கேட்ட நான், கடமை தவறாமல் லேப்டாப்பைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரே ‘வரல’ என்று அடித்து வைத்தேன்.

அப்பா ஒரு நோட்டில் அழைக்க வேண்டியவர்கள் பெயரை எழுதி வைத்திருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதை ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுத்து, அதே வரிசையில் பைத்தானில் ஒரு டிக்‌ஷனரியாக நான் ஏற்றியிருந்தேன். (டிக்‌ஷனரி என்றதும் அர்த்தம் பார்க்கிற தடிப் புத்தகத்தை நினைக்க வேண்டாம். ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு விவரம், அவ்வளவுதான்.) வருகிறேன் என்றவர்களுக்கு எதிரே ‘வருகிறார்’. இல்லையென்றவர்களுக்கு எதிரே ‘வரல’. அப்படி நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். அப்பா கடையில் சீர்ப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே, ஒரு கையில் நோட்டும் மறு கையில் போனுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

“விடுங்கப்பா. நான் ஒரு புரோகிராம் எழுதி அத்தன பேருக்கும் ஒரே நிமிஷத்துல மெசேஜ் அனுப்பிடறேன்.”

“ஒழுங்காப் போயிருமால?”

“லிஸ்ட்ல இருக்கற ஒருத்தரக்கூட விடாதுப்பா.”

“அக்காவ விட்டுராத” என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியில் ஏறினார். நான் கேட்டேனா? கேட்டேன். மண்டையில் ஏறியதா? ஏறவில்லை. அந்த நேரத்தில் என் மனசெல்லாம் மெசேஜின் வாசகத்தில் இருந்தது. ‘நாளை காலை முகூர்த்தம். தங்கள் வருகையை உறுதி செய்தமைக்கு நன்றி. தங்களுக்காக ஓர் இலை காத்திருக்கும்.’ அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது.

புரோகிராமில் இரண்டு வேலை. முதலில், டிக்‌ஷனரியில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போய், ‘வரல’ என்று இருந்தால் அந்த இடத்திலேயே நீக்கிவிட வேண்டும். பிறகு, மிச்சம் இருப்பவர்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது. நான் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே டிக்‌ஷனரியின் அளவு மாறிவிட்டது, இனி ஓரடி நகரமாட்டேன் என்று பைத்தான் சொன்னது.

இது ஏன் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். பந்தியில் ஒருவர் ஒரு முனையிலிருந்து பாயசம் ஊற்றிக்கொண்டு வருகிறார். அவர் பாதி வரிசைகூட வரவில்லை, அதற்குள் நடுவில் இருப்பவர்களை எழுப்பி அனுப்பி, இலையையும் எடுத்தால் என்ன ஆகும்? யாருக்கு ஊற்றினோம், யாருக்கு ஊற்றவில்லை என்று அவருக்கே குழம்பிவிடும். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார். பைத்தானும் அதையேதான் செய்தது. முதல் ஆளை எழுப்பினேன், அவர் போய்விட்டார். அடுத்த ஆளிடம் நகரும்போது வாளியைக் கீழே வைத்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. என் சினேகிதன் பாபுவுக்குப் போன் போட்டேன். ராயப்பேட்டைக்காரன், என்கூடவே அந்த வகுப்பில் படித்தவன், எனக்கு முன்னால் வேலையும் வாங்கிவிட்டவன். எடுக்கவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இணையத்தில் அரைகுறையாகத் தேடி ஒரு குறுக்கு வழியைப் பிடித்தேன். தப்பு ஏதாவது வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போ என்று பைத்தானுக்கு உத்தரவு போடலாம். போட்டேன். மறுபடி ஓட்டினேன். சத்தமே இல்லை. மெசேஜ்கள் சர்சரென்று பறந்தன.

சாயங்காலம் மண்டபத்தில் அப்பா கேட்டார். “அக்காவுக்கும் போயிருச்சா?”

“லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் போயிருச்சுப்பா” என்றேன். (பொய்யில்லை. அத்தைதான் லிஸ்ட்டில் இல்லை.)

மறுநாள் காலை ஏழு மணிக்கு நலங்கு, ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஆறரை மணிக்கே கூட்டம் வர ஆரம்பித்தது. எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு லேசாக உறுத்தியது. கால் முறிந்து படுத்திருப்பதாகச் சொன்ன ஒரு மொத்த வியாபாரி, கட்டுப் போட்ட காலோடு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அடுத்து, எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் சாரும் மாமியும் வந்தார்கள். அன்றைக்குத் திருப்பதிக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தவர்கள்.

“என்ன மாமி, திருப்பதி...”

“டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டோம்டா. இலை காத்துண்டிருக்கும்னு எழுதியிருந்தியே! இவர் சொன்னார், பெருமாள் எங்கயும் போயிடமாட்டார், இலையைக் காக்க வைக்கப்படாதுன்னு.”

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்து அவர்களை உள்ளே அனுப்பினேன். அவர்களுக்குப் பின்னால் வந்தவர் அத்தையின் கீழ் வீட்டுக்காரர். அவரும் ‘வரல’ கட்சிதான்.

“ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லியிருந்தேன் தம்பி. ஆனா உங்க மெசேஜப் பாத்ததும் மனசு கேக்கல, லீவு போட்டுட்டேன்.”

“அத்தை உங்ககூட வரலையா சார்?”

“அவங்களுக்கு மெசேஜே வரலையாமே? நேத்து என் போன வாங்கி மூணு தடவ படிச்சாங்க. போனத் திருப்பிக் குடுத்துட்டு மாடிக்குப் போயிட்டாங்க.”

வாசலில் அப்பா சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வருபவர்களுக்கெல்லாம் கை தானாகச் சந்தனம் கொடுத்தது, கண் மட்டும் தெருமுனையில் இருந்தது. ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் ஓரடி முன்னால் போய்விட்டுத் திரும்பினார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்த பாபுவைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டிருந்த அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். அவன் புரோகிராமைப் பத்து விநாடி பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“இன்னாடா இது? மொத ஆள தூக்கினதுமே அது ‘வோணாம் நைனா’ன்னு கத்திகீது. நீ அது வாயப் பொத்தி ஓரமா குந்த வெச்சுட்டு, நேரா மெசேஜ் அனுப்பப் போய்க்கினு இருக்க.”

“அப்ப நாப்பத்து மூணு பேர்ல...”

“ஒரே ஆளுதான் அவுட்டு. மத்த நாப்பத்திரண்டு பேரும் அப்டியே கீறாங்க. அதான் கால ஒடச்சிகினவர்லாம் வந்து இறங்கிகினு கீறாரு.”

“அந்த ஒரே ஆளு?”

அவன் திரையைப் பார்த்துப் படித்தான். “அசோக் நகர் அத்தை.”

கூடவே மருந்தையும் சொன்னான். “லிஸ்ட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்க மச்சி. ஜெராக்ஸ பாத்துகினே ஒரிஜினல்ல அடி. ஜெராக்ஸ் மாறாது, அதனால கத்தாது. ஒரு வார்த்த, ரெண்டு பிராக்கெட். மேட்டர் ஓவர்.”

“இத நேத்து போன எடுத்து சொல்லியிருக்கலாம்லடா?”

“சொல்லியிருந்தா மட்டும்? கரெக்டா எழுதியிருந்தாலும் அத்த போயிருப்பாங்கடா. வரலன்னு போட்டது நீதான? தப்பு பைத்தான்ல இல்ல, உன் மண்டைல கீது” என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்தான். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி வித்தை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, வேட்டியை யார் பிடிப்பது? தி. நகரிலிருந்து அசோக் நகர் வரைக்கும் நான் போன கோலத்தை நல்லவேளையாக யாரும் போனில் படம் பிடிக்கவில்லை. ஒரு சிக்னலில் மட்டும், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், “இன்னா மாப்ள, பொண்ணு புடிக்கலன்னு எஸ்கேப்பா?” என்று கேட்டார்.

அத்தை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சோபாவில் அத்தை உட்கார்ந்திருந்தார். அரக்குக் கலர் பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறைய மல்லிகைப்பூ. காலடியில் கட்டி வைத்த பை. அத்தை காலை ஐந்து மணியிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அங்கே வீட்டு வேலை செய்யும் அம்மாள் பின்னால் சொன்னார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“யாரத் தேடி வந்தீரு?”

மரியாதை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அத்தை மருமகனுக்கு மரியாதை கொடுத்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

“அத்தை, தப்பு என்மேலதான். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க அத்தை, நலங்குக்கு நேரமாச்சு.”

“கீழ் வீட்டுக்காரருக்கு இல காத்திருக்காம். ஆறு வருசம் ஒங்கப்பனுக்கு இல போட்டவளுக்கு ஒண்ணும் காத்திருக்கலியோ?” குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சமாளிக்க எதுவும் தோன்றாமல் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

“வரலன்னு சொன்ன நாப்பத்து மூணு பேர லிஸ்ட்ல இருந்து எடுக்கப் பாத்தேன் அத்தை. ஒருத்தர எடுத்ததுமே கம்ப்யூட்டர் நின்னு போச்சு.”

“ஒருத்தரத்தானா? யார?”

“உங்கள.”

“நாப்பத்து மூணு பேர்ல நான் ஒருத்திதான் ஒங் கண்ணுல பட்டேனால?”

(மரியாதை போய் ‘ல’ திரும்பிவிட்டது. எனக்கு லேசாக மூச்சு வந்தது.)

“என் கண்ணுல இல்ல அத்தை. அது மேல இருந்து வரிசையாப் பாக்கும். நீங்கதான மொத ஆளு.”

அத்தை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“எதுல மொத ஆளு?”

“அப்பா லிஸ்ட்லதான்.”

“மொத ஆளுன்னா... ஒங்க மாமனுக்கும் முன்னாலயா?”

அந்த இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் என் மூளை சரியான நேரத்துக்கு வேலை செய்தது அந்த ஒரு கணத்தில்தான். லேப்டாப்பை எடுத்து டீப்பாயில் வைத்தேன். பைத்தானின் வாயைப் பொத்தியிருந்த வரிகளைத் தூக்கினேன். நீக்குகிற பெயரைத் திரையில் காட்டச் சொன்னேன். மெசேஜ் அனுப்பும் பகுதியை மறக்காமல் அணைத்தேன். (இன்னும் ஒரு தடவை போயிருந்தால் திருப்பதிப் பெருமாளே வந்திருப்பார்.) பிறகு லிஸ்ட்டை முதலிலிருந்து ஏற்றி ஓட்டினேன்.

திரையில் ‘அசோக் நகர் அத்தை’ என்று வந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்து. நின்றுவிட்டது.

“இன்னொருக்கா ஓட்டு.”

ஓட்டினேன். அத்தை, சிவப்பு, நின்றது. மூன்றாவது தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஒங்க மாமன் எங்க?”

“அவர் வரைக்கும் போகவே இல்லையே அத்தை. உங்கள எடுத்ததுமே நின்னுருதே.”

அப்பாவின் நோட்டை எடுத்த போட்டோவையும் போனில் காட்டினேன். மேலே பிள்ளையார் சுழி. அதற்கு அடுத்த வரியில் அப்பாவின் கோழிக் கிறுக்கலில் ‘அக்கா, அசோக் நகர்’. மாமா அதற்குக் கீழே. அத்தை அந்த முதல் வரியை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவன் எழுத்துதான். அக்கான்னு எழுதுனா புள்ளி வைக்க மாட்டான், சின்னதுலருந்தே” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பம் பத்திரிகையில மாத்துனது ஒங்கம்மா.”

நான் லேப்டாப்பை மூடினேன். ஒரே நாளில் எத்தனை பேரைத்தான் காட்டிக்கொடுப்பது?

“பைய எடுல” என்றார் அத்தை.

ஆட்டோவில் அத்தை, பின்னால் ஸ்கூட்டரில் நான். ஏழு மணி நலங்கு எட்டேகாலுக்கு நடந்தது. ஆட்டோ மண்டபத்து வாசலில் நின்றதும் அப்பா சந்தனக் கிண்ணத்தை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடி வந்தார். “வாக்கா” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அத்தைக்கு வந்தது. “ஏல தம்பி! எம் பேர எடுத்ததும் கம்ப்யூட்டரே நின்னு போச்சாம்ல! மூணு தடவ ஓட்டிப் பாத்தேன், மூணு தடவையும் நின்னுச்சு. பெறவு கல்யாணம் மட்டும் எப்படில நடக்கும்?” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் “ஆமாக்கா, ஆமாக்கா” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மாமா மட்டும் கடைசிவரை என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து உட்கார வைத்தார்.

அத்தை தன் கையால் முதல் நலங்கு வைத்தார். தாலி கட்டியாயிற்று. அதற்குப் பிறகு பந்தி ஆரம்பித்ததும் என் மெசேஜின் மகிமை தெரிந்தது. வரமாட்டோம் என்ற நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மூன்றாவது பந்தியில் அவியல் காலி, நான்காவதில் வடை காலி. தலைமைச் சமையல்காரர் என்னைத் தேடிப் பிடித்து, “எந்தப் புண்ணியவான் தம்பி இலை காத்திருக்கும்னு எழுதினது?” என்று கேட்டார். தெரியவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் மூன்றரை மணிக்கு எனக்குக் கிடைத்தது பேப்பர் தட்டில் ரசம் சாதமும் உடைந்த அப்பளமும். எனக்காக எந்த இலையும் காத்திருக்கவில்லை.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாபு சொன்ன ஜெராக்ஸ் வைத்தியத்தை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். இப்போது அதே மாதிரி வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. சுற்றி வரும் லிஸ்ட்டில் நேராகக் கை வைப்பதில்லை, நகலைப் பார்த்துத்தான் அசலில் நீக்குகிறேன், அது ஒரு தடவைகூட நின்றதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், வளைகாப்போ கிரகப்பிரவேசமோ, அத்தை ஒரு பத்துப் பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். “ஏல, எம் பேர எடுத்துக் காட்டு.” நான் லேப்டாப்பைத் திறந்து ஓட்டுவேன். அத்தை பெயர் வரும், சிவப்பு எழுத்து வரும், நின்றுவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். “பாத்தியா? அது மிஷினு, அதுக்கு மொகத்தாட்சண்யம் கெடையாது” என்று அத்தை சொல்வார். அப்பா தலையை ஆட்டுவார்.

அதற்காகவே அந்தப் பழைய புரோகிராமை, அதே தப்போடு, தனியாக வைத்திருக்கிறேன். திருத்த ஒரு வார்த்தையும் இரண்டு அடைப்புக்குறியும் போதும். திருத்திவிட்டால் அத்தை பெயரை எடுத்த பிறகும் அது பாட்டுக்கு ஓடிவிடும். அதை யார் போய் அத்தையிடம் சொல்வது?